சிஏ-125 எண்ணை மட்டும் காட்டி ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிறார்களா? கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில், ஓவரி (சினைப்பை) புற்றுநோய் சந்தேகத்தில் பார்க்கப்படும் சிஏ-125 என்ற புரதத்தின் வரிக்கு எதிரே தடித்த எழுத்தில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டுத் தூக்கம் தொலைத்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். என்னை அந்த ஒற்றை எண்ணை வைத்தே கேன்சர் நோயாளி ஆக்கினார்கள்.

மாதவிலக்கு நேரத்தில் தாங்க முடியாத வலி, அதிக ரத்தப்போக்கு. இதற்காகத்தான் அந்த மருத்துவமனைக்குப் போனேன். பார்த்த டாக்டர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நீளமாக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், அதில் இதுவும் ஒன்று. ரத்தம் எடுத்த அன்று எனக்குப் பீரியட்ஸ். எழுதிக் கொடுத்தவரும் கேட்கவில்லை, ஊசி குத்தியவரும் கேட்கவில்லை. முடிவு 118 என்று வந்தது. 35-க்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள்.

"இது கேன்சர் மார்க்கர்மா. மூணு மடங்குக்கு மேல இருக்கு. கர்ப்பப்பை, ஓவரி ரெண்டையும் எடுத்துடலாம், இந்த வாரமே அட்மிட் ஆயிடுங்க" என்றார். ஸ்கேன் வேண்டாமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அட்மிட் ஆன பிறகு பாத்துக்கலாம்" என்று பதில். வெளியே வருவதற்குள் கவுண்டரில் அட்வான்ஸ் ரசீது தயாராக இருந்தது. அந்த வேகம் மட்டும் இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

உறவுக்காரப் பெண் ஒருத்தி விடாப்பிடியாக வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போனாள். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ரத்தம் குடுத்த அன்னிக்கு பீரியட்ஸா?" என்பதுதான். அப்புறம் பரிசோதித்தார், உள்வழி ஸ்கேன் எடுத்தார். கருப்பைச் சுவரில் அடினோமயோசிஸ் (உட்படலத் திசு சுவருக்குள்ளேயே வளர்வது), இடது ஓவரியில் சின்னதாக ஒரு சாக்லேட் சிஸ்ட் (பழைய ரத்தம் தேங்கிய நீர்க்கட்டி). புற்றுநோய்க்கான அடையாளம் எதுவும் ஸ்கேனில் இல்லை. மாதவிலக்கு முடிந்த பிறகு மறுபடி பார்த்தபோது அந்த எண் பாதியாகக் குறைந்திருந்தது. ஆனாலும் 35-க்கு மேல்தான். இந்த இரண்டு பிரச்சினைகளுமே அதை ஏற்றிவிடும் என்று அவர் விளக்கினார். மாத்திரையில் இருக்கிறேன், வலி கட்டுக்குள் இருக்கிறது, கர்ப்பப்பையும் என்னிடமே இருக்கிறது.

அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். சிஏ-125 என்பது புற்றுநோய்க் கட்டி மட்டுமே சுரக்கும் பொருள் அல்ல. கருப்பையின் உட்படலம், வயிற்றறையைச் சுற்றியுள்ள உறை, நுரையீரல் உறை, இதய உறை எல்லாவற்றிலும் இருக்கும் ஒரு புரதம். இவற்றில் எது உறுத்தப்பட்டாலும் ரத்தத்தில் கூடும். ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக்கட்டி), இடுப்பறைத் தொற்று, கர்ப்பத்தின் முதல் மாதங்கள், வயிற்றுக் காசநோய், கல்லீரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு என்று பட்டியல் நீளும்.

அந்த 35 என்ற எல்லையும் எங்கிருந்தோ விழுந்ததல்ல. அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 888 பேரில் 1 சதவீதத்தினருக்குத்தான் 35-ஐத் தாண்டியது. ஓவரி புற்றுநோய் ஏற்கெனவே உறுதியான 101 பேரில் 82 சதவீதத்தினருக்குத் தாண்டியது. அதாவது, நோய் இன்னது என்று தெரிந்தவருக்கு, சிகிச்சை வேலை செய்கிறதா, நோய் திரும்புகிறதா என்று தொடர்ந்து பார்க்க இது நல்ல கருவி. வலியோடு வருகிறவரை முதல் நாளே கேன்சர் என்று முத்திரை குத்த அல்ல.

அறிகுறி இல்லாதவர்களிடம் இதை வைத்துத் தேடினால் என்ன ஆகும் என்பதையும் பெரிய அளவில் சோதித்துவிட்டார்கள். 2011-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 78,000-க்கும் அதிகமான பெண்கள் இருந்தார்கள். இந்த ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்த பிரிவில் 3,285 பேருக்குப் பொய்யான எச்சரிக்கை வந்தது. அவர்களில் 1,080 பேர் ஆபரேஷன் வரை போனார்கள், 163 பேருக்குக் கடுமையான பக்க விளைவு. இவ்வளவுக்குப் பிறகும் ஓவரி புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடந்த ஆய்வின் 2021 முடிவும் அதையேதான் சொன்னது. "பெண்களுக்கான முழுப் பரிசோதனை" பாக்கேஜ்களில் இதைச் சேர்த்து விற்பவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

என் தங்கைக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். அதே மருத்துவமனை, அதே பரிசோதனை. அவளுக்கு 19 வந்தது. "எல்லாம் நார்மல், டென்ஷன்தான்" என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு வேறிடத்தில் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமரா விட்டுப் பார்ப்பது) செய்தபோது எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பைக்கு வெளியே வளரும் உட்படலம் போன்ற திசு, குடலோடு ஒட்டிக்கிடந்தது. எண் குறைவாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. எண்டோமெட்ரியோசிஸைக் கண்டுபிடிக்க இம்மாதிரி ரத்த மார்க்கர்களை நம்ப வேண்டாம் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் 2022-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஓவரி புற்றுநோயிலும் முதல் கட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த எண் கூடுவதில்லை.

சரி, இந்தப் பரிசோதனையே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. 50 வயதை ஒட்டியோ தாண்டியோ இருக்கும் ஒருவருக்கு விடாத வயிற்று உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போவது இவையெல்லாம் இருந்தால் டாக்டர் இதை எழுதுவது முறையே. அப்போதும் 35-ஐத் தாண்டினால் அடுத்து ஸ்கேன்தான், நேராகக் கத்தி அல்ல. ஓவரியில் கட்டி தெரிந்தால், ஸ்கேனில் தெரிவதற்குத் தரும் மதிப்பெண், மாதவிலக்கு நின்றுவிட்டதா என்பதற்கான மதிப்பெண், இந்த சிஏ-125 எண் ஆகிய மூன்றையும் பெருக்கி ஆபத்தைக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. அதில் மாதவிலக்கு நின்றவருக்கு 3, நிற்காதவருக்கு 1. ஒரே 118 இருவருக்கும் ஒரே பொருள் தராது என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. மறுபடி எடுக்க வேண்டி வந்தால் அதே லேபில் எடுங்கள், கருவி மாறினால் எண்ணும் மாறலாம்.

அந்த முதல் மருத்துவமனையில், அட்வான்ஸில் ஒரு பகுதியை ஆபரேஷன் தியேட்டர் புக் செய்த செலவு என்று பிடித்துக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய தலைவலி ஃபைலில் இருந்தது. எழுத்தில் கேட்டு நகல் வாங்கிப் பார்த்தால், ஸ்கேனே எடுக்காத என் பெயருக்குக் கீழே "ஓவரி புற்றுநோய்" என்று இருக்கிறது, சந்தேகம் என்ற சொல்கூட இல்லாமல். இன்சூரன்ஸுக்கும் அதுவே போயிருந்தது. இரண்டாவது டாக்டரின் கடிதத்தையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் இணைத்துத்தான் அதைத் திருத்த வைத்தேன். உங்கள் ஃபைலில் நோய் என்ன என்று எழுதியிருக்கிறார்கள் என்பதை இன்றே கேட்டு வாங்கிப் பாருங்கள்.