தாப்பாவில் வாங்கிய மடக்கு லென்ஸ்: ஓடைப் பூச்சி பார்க்க 18 வெள்ளி

தமிழ்ப்பள்ளி அறிவியல் மன்றத்துக்காக, மலேசியாவின் தாப்பா டவுனில் ஒரு எழுதுபொருள் கடையில் பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ் வாங்கினேன். விலை 18 வெள்ளி (ரிங்கிட்). மூன்று மாதமாக என் கழுத்தில்தான் தொங்குகிறது.

முதல் நாளே அதன் அருமை தெரிந்தது. நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன், "டீச்சர், மூனு வால்! ஊசித்தட்டான் குஞ்சு!" என்று ஐஸ்கிரீம் டப்பாவோடு ஓடி வந்தான். வெறுங்கண்ணுக்கு எனக்கும் அப்படித்தான் பட்டது. லென்ஸில் பார்த்தால், வால் மூன்றும் மயிரிழைபோல் மெலிந்திருந்தன, வயிற்றோரமெல்லாம் செவுள் துடித்தது. அது மேஃபிளை என்ற வேறொரு பூச்சியின் இளம்பருவம். ஊசித்தட்டான் இளம்பூச்சிக்கு வால்நுனியில் இருப்பவை பெரும்பாலும் நரம்போடிய மூன்று இலைகள். அவையும் செவுள்கள்தான்.

ஆனால் இலையை மட்டும் நம்பக்கூடாது. பிடிக்கும்போது ஒன்று உதிர்ந்துவிடும், பிறகு முளைக்கும். இரண்டே இருந்தால் குழப்பம்தான். அதனால் பிள்ளைகளை முகத்தடியைப் பார்க்கச் சொல்கிறேன். ஊசித்தட்டானுக்கு இரை பிடிக்க நீளும் கீழுதடு அங்கே மடிந்து கிடக்கும். மேஃபிளைக்கு அது கிடையாது. அந்த மடிப்பை இந்த லென்ஸ் துல்லியமாகக் காட்டுகிறது.

தோட்ட எல்லைக்கு மேலே, கல்லில் மோதி ஓடும் ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினோம். தட்டையாக ஒன்று ஒட்டியிருந்தது. வால்செவுள் பைபோல் உப்பல், வயிற்றின் இருபுறமும் வெள்ளை நூல் வரிசை. யூஃபியா வகை ஊசித்தட்டான்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. செம்பனைக்கு நடுவே ஓடும் கால்வாயில் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அங்கே புல்வேரில் தொற்றியிருப்பவை ஒல்லியான இலைவால்கள்தான்.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பூச்சியை 2.5 செ.மீ. அருகே கொண்டுவர வேண்டும். டப்பாவில் தண்ணீர் விரல் தடிமனுக்கு மேல் வேண்டாம். பார்த்து முடித்ததும் எடுத்த கல்லடியிலேயே விட்டுவிடுகிறோம்.

குறை ஒன்று: திருகு தளர்கிறது. மூக்குக்கண்ணாடித் திருப்புளியால் வாரம் ஒருமுறை இறுக்குகிறேன். முதலில் கிடைத்த லென்ஸில் கீறல் இருந்தது, தவுக்கே (கடை முதலாளி) மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார். இருபது பிள்ளைகளுக்கு ஒன்று எப்படிப் போதும்? இன்னும் நாலு சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் வருமாம்.