கிராண்ட் கேன்யன்: மத்தேஸின் தாளா, 1988 தாள்களா?

சுவரில் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைக் காட்டும் ஒரே ஒரு வரைபடத்துக்குத்தான் இடம். கையில் இருந்ததோ இரண்டு. ஒன்று, நில அளவையாளர் பிரான்சுவா மத்தேஸ் 1902-இல் அளக்கத் தொடங்கிய பிரைட் ஏஞ்சல் தாள். மற்றது, விமானப் படங்களை வைத்து வரைந்த 1988 தாள்கள். இரண்டுமே அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் வெளியீடு, இலவசமாகவே கிடைக்கும். நான் மத்தேஸைத்தான் மாட்டினேன்.

நடக்கப் போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், புதியதுதான். அதன் அளவுகோல் 1:24,000. 40 அடி உயரத்துக்கு ஒரு சமஉயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது). பழையது 1:48,000, 50 அடிக்கு ஒரு கோடு. 1920-களில் வெட்டிய சவுத் கைபாப் பாதை அதன் முதல் பதிப்பில் இருக்க வழியே இல்லை.

சரி, அப்புறம் ஏன் பழையது? பிரைட் ஏஞ்சல் நிலப்பிளவுக்காக. மத்தேஸின் ஒரே தாளில் இரண்டு விளிம்புகளும் வந்துவிடுகின்றன. தெற்கு விளிம்பில் ஊர் இருக்கும் இடத்தில் விரலை வைத்து வடகிழக்காக இழுத்துப் பாருங்கள். பிரைட் ஏஞ்சல் நடைபாதை இறங்கும் வெட்டு, கார்டன் ஓடை, கொலராடோ ஆறு, அக்கரையில் பிரைட் ஏஞ்சல் ஓடை எல்லாம் அடிக்கோல் வைத்த மாதிரி ஒரே வரிசையில் போகும். பிளவு பாறையை நொறுக்கிய இடத்தில்தான் தண்ணீர் அறுத்தது, மனிதனுக்கும் இறங்க வழி கிடைத்தது. இதே பரப்புக்குப் புதிய தாள்கள் நான்கு வேண்டும். ஒட்டிப் பார்த்தேன், உயரமே ஒரு மீட்டரைத் தாண்டியது. பக்கத்தில் போனால் கோடுகள் தெரிகின்றன, அந்த நேர்வரிசை கண்ணில் படவில்லை.

இன்னொன்று, மத்தேஸ் பாறையை எதிரே பார்த்துக்கொண்டே வரைந்தவர். முக்காலியில் வரைபலகை, அதன்மேல் தொலைநோக்கி. குறி பார்ப்பது, அங்கேயே கோடு இழுப்பது. ரெட்வால் பாறைச்சுவர் சுமார் 500 அடி. அங்கே பத்துக் கோடுகள் நெருக்கியடித்து நிற்கும், கீழே டோண்டோ மேடையில் சட்டென்று விலகும். 1880-இல் புவியியலாளர் கிளாரன்ஸ் டட்டன் 'சிவா டெம்பிள்' என்று பெயரிட்ட மலையும் இதே தாளில்தான். அதன் படிக்கட்டு அடுக்கைப் பார்க்கும்போதெல்லாம் கோபுரம்தான் நினைவுக்கு வருகிறது.

நான் தெற்கு விளிம்பிலிருந்து பாதி வழியில் இருக்கும் ஹவாசுபாய் கார்டன்ஸ் வரைதான் நடந்திருக்கிறேன், அதனால் வடக்குப் பாதியைப் பற்றி அடித்துச் சொல்லமாட்டேன். விளிம்பிலிருந்து தெரியாத பக்கப் பள்ளங்களில் விமானப் படம்தான் ஜெயிக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை ஆறு வரை இறங்க வேண்டும். அதற்கான இரண்டு புதிய தாள்களை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன்.