ஸ்மூல் ஆப்: பாதிப் பாட்டைப் பாடிவிட்டுக் காத்திருப்பது

2020 மே மாதம், ஊரடங்கு நேரம், கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தை வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பினார். திறந்தால் அத்தை பாடுகிறார். கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூட மேடையில் பாடிப் பரிசு வாங்கியவர், அதற்கப்புறம் முப்பது வருடமாக கொலுவுக்குப் போன வீடுகளில் இரண்டு பாட்டு பாடியதோடு சரி. கூடப் பாடுகிற ஆண் குரல் யார் என்று போன் போட்டுக் கேட்டேன். "யாருன்னு தெரியாதுடா, மலேசியாவுல கிள்ளானாம், லாரி ஓட்டுறாராம், குரலப் பாரு எப்படி இருக்குன்னு" என்றார். அது ஸ்மூல், குரல் இல்லாத பின்னணி இசைக்கு நாம் பாடிப் பதிவு செய்யும் கரோக்கே ஆப். அன்றைக்கே நானும் இன்ஸ்டால் செய்தேன், இன்றுவரை போனில் இருக்கிறது. நல்லா இருக்குமா, காசு கட்டலாமா என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

கம்பெனி பழையது. 2008-ல் கலிஃபோர்னியாவில் ஜெஃப் ஸ்மித், கே வாங் என்ற இருவர் தொடங்கியது. கே வாங் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கணினி இசை சொல்லிக்கொடுப்பவர். முதலில் பேர் வாங்கித் தந்தது பாடுகிற ஆப் இல்லை, ஓக்கரீனா என்று ஒன்று, ஐபோன் மைக்கில் வாயை வைத்து ஊதினால் குழல் மாதிரி சத்தம் வரும். அதிலேயே ஒரு உலக உருண்டை இருக்கும், வேறு வேறு ஊர்களில் மற்றவர்கள் ஊதியதை அதில் கேட்கலாம். முகம் தெரியாத ஒருவரோடு இசையில் சேர்வது என்ற யோசனை அப்போதே இருந்திருக்கிறது. இப்போது இருக்கும் இந்தக் கரோக்கே ஆப் 2012-ல் வந்தது.

வேலை செய்கிற விதம் எளிது. ஒரு டூயட்டில் உங்கள் வரிகளை மட்டும் பாடிப் பதிவு செய்து இன்வைட் போடுகிறீர்கள். வேறு யாரோ, எந்த ஊரிலிருந்தோ, அதைத் திறந்து மீதி வரிகளைப் பாடி முடிக்கிறார். இரண்டும் ஒட்டிச் சேர்ந்து பாடிய மாதிரியே வரும். நேரடியாகவே சேர்ந்து பாடினால் என்ன என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம் காதுக்கு வர 30 மில்லி விநாடி ஆகும், அதற்கு மேல் தாமதமானால் தாளம் இழுக்க ஆரம்பித்துவிடும். கும்பகோணத்திலிருந்து கிள்ளானுக்கு இணையம் வழியாகக் குரல் போய் வரும் நேரத்தில் தாளம் தப்பியே தீரும். அதனால் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால்.

இந்த முன்னால் பின்னால்தான் ஸ்மூலின் அழகும் குறையும். பின்னால் சேர்கிறவர் முதல் ஆளை நுணுக்கமாகக் கேட்டாக வேண்டும். எங்கே மூச்செடுக்கிறார், வரியின் கடைசி எழுத்தை எவ்வளவு நீட்டுகிறார், சங்கதியை (ஒரு வரியை நெளிவு சுளிவோடு மெருகேற்றிப் பாடுவது) முழுசாகப் போடுகிறாரா, பாதியில் விடுகிறாரா என்று பார்த்துப் பார்த்துத்தான் நம் வரியை அதன்மேல் வைக்க முடியும். நான் பாட்டு கற்றவன் இல்லை, கேட்கக் கற்றுக்கொண்டது இதில்தான். முன்னால் பாடியவருக்கோ அந்த வாய்ப்பே கிடையாது, வராத ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு பாடிவிட்டுப் போகிறார், பின்னால் வந்தவர் எவ்வளவு உருகினாலும் அவர் பாட்டு மாறாது. கச்சேரியில் பாடகர் ஒரு சங்கதி போட, வயலின்காரர் அதை வாங்கித் திருப்பித் தர, பாடகர் அதைக் கேட்டு அடுத்ததைப் போடுவாரே, அந்தக் கொடுக்கல் வாங்கல் இங்கே பாதிதான்.

அத்தை பாடுவதை ஒரு முறை நேரில் பார்த்தேன். மத்தியானம் இரண்டு மணி, மாமா சாப்பிட்டுப் படுத்தாயிற்று, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கோதுமை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்திருக்கிறார். ஒயர் இயர்போனின் மைக் புடவையில் உரசினால் கரகரவென்று பதிவாகும் என்பதால் அதை இரண்டு விரலால் மோவாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறார். எதிரே ஒரு பழைய டைரி. தமிழ்ப் பாட்டு வரிகள் ஸ்மூலில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் ஓடும், அதில் எது ல, எது ள, எது ழ என்று தெரியாது, அதனால் பாட்டைக் கேட்டுத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடுவார். வியர்த்துக் கொட்டுகிறது, நான்கு நிமிடமும் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. இந்த ஒன்றுக்காகவே இந்த ஆப்புக்கு நான் நிறைய மன்னிப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே இருக்கும் தமிழ் கரோக்கே டிராக்குகளில் பெரும்பாலானவை நம்மைப் போன்ற ஆட்களே ஏற்றியவை. யாரோ ராத்திரி உட்கார்ந்து, வரி வரியாக நேரம் குறித்து, ஆண் பகுதி, பெண் பகுதி, இருவரும் சேரும் இடம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பாராட்டெல்லாம் பாடினவருக்கே போகிறது, ஏற்றினவர் பேரை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் ஒரு நல்ல டிராக்கில் பாடினால் அதை ஏற்றியவர் பக்கத்துக்குப் போய் ஒரு வார்த்தை எழுதிவிட்டு வாருங்கள்.

சரி, குறைகள். காசு கட்டி விஐபி ஆகாவிட்டால் பெரும்பாலும் மற்றவர்கள் போட்ட இன்வைட்டில் சேரத்தான் முடியும், நமக்குப் பிடித்த பாட்டை நாமே தொடங்குவது கஷ்டம். சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வகை, ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது, ப்ளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ போய் ரத்து செய்ய வேண்டும், இதை மறக்காதீர்கள். ப்ளூடூத் இயர்போன் வேண்டவே வேண்டாம். குரல் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடப் பிந்தும், அப்புறம் நகர்த்திச் சரி செய்ய வசதி இருக்கிறது என்றாலும், பாடும்போதே காது குழம்பிவிடுகிறது. எஃபெக்ட் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. எதிரொலியை ஏற்றிவிட்டால் சுருதி விலகுவது கேட்பவருக்கும் தெரியாது, பாடுபவருக்கும் தெரியாது. ஒரு வருடம் அப்படிப் பாடிவிட்டு, ஒரு கல்யாண வீட்டில் வெறும் மைக்கில் பாடும்போதுதான் என் குரல் எங்கே நிற்கிறது என்று எனக்குப் புரிந்தது. இப்போது எஃபெக்ட்டே போடாமல் ஒரு தடவை பாடிக் கேட்டுவிட்டுத்தான் எதையும் போடுகிறேன்.

அதைவிடப் பெரியது மொய்க் கணக்கு. நீ என் இன்வைட்டில் சேர்ந்தாய், நான் உன்னுடையதில் சேர வேண்டும். நீ "அருமை சகோ" போட்டாய், நானும் போட வேண்டும். ஒரு குழுவில் இருந்தேன், தினமும் இருபது பாட்டுக்காவது இதயம் போட்டாக வேண்டும், போடாவிட்டால் ராத்திரி வாட்ஸ்அப்பில் கேள்வி வரும். யாரும் யார் பாட்டையும் முழுசாகக் கேட்பதில்லை. ஒரு தடவை ஒரு தம்பியிடம் தனியாக, சரணத்தில் சுருதி கொஞ்சம் இறங்குகிறது என்று பக்குவமாகத்தான் சொன்னேன், மறுநாள் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்றால் ஒருவர் தவறை இன்னொருவர் சொல்ல இடம் இருக்க வேண்டாமா?

பெண்களுக்கு வேறு தொல்லை. காதல் பாட்டில் சேர்ந்து பாடிவிட்டால் போதும், சில ஆண்கள் அதையே உரிமையாக எடுத்துக்கொண்டு தனிச் செய்தி அனுப்பத் தொடங்குகிறார்கள். அத்தை முகம் காட்டாமல் குரல் மட்டும் பதிவதற்கும், ப்ரொஃபைலில் துளசி மாடப் படம் வைத்ததற்கும் அதுதான் காரணம். தொல்லை கொடுத்தால் தயங்காமல் ப்ளாக் செய்யுங்கள், பாடிய மரியாதைக்காகப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதிலும் தெளிவாக இருங்கள். என்னோடு யாழ்ப்பாணத்துத் தங்கை ஒருத்தி பாடிய டூயட்டை ஏதோ ஒரு இணையப் பக்கம் எடுத்துப் பேர்களை வெட்டிவிட்டுத் தன்னுடையது மாதிரி போட்டுக்கொண்டது, எத்தனை முறை எழுதியும் பதில் இல்லை. அவள் அதற்கப்புறம் இரண்டு மாதம் பாடவில்லை. நாமே நம் பாட்டை யூடியூபில் ஏற்றினாலும் இசை கம்பெனியின் உரிமைக் கோரிக்கை வரலாம், மெட்டும் வரியும் நம்முடையவை அல்லவே.

இத்தனையும் சொல்லிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்றால், 2020 செப்டம்பர் 25, எஸ்.பி.பி. போன நாள். அன்று ராத்திரி தூக்கம் வராமல் திறந்தேன், வந்த இன்வைட் எல்லாமே அவர் பாட்டு. துபாய், டொராண்டோ, சிங்கப்பூர், திருநெல்வேலி. ஒரு பெரியவர் பல்லவியோடு குரல் உடைந்து நிறுத்திவிட்டார், அப்படியே போட்டுவிட்டார். அதில் சேர்ந்து மீதியைப் பாடியவர்களை வரிசையாகக் கேட்டுக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

சேர நினைப்பவர்கள் முதல் மாதம் காசு கட்டாமல் மற்றவர்களின் இன்வைட்டில் மட்டும் பாடுங்கள், ஒயர் இயர்போன் வாங்குங்கள், குழு எதிலும் அவசரப்பட்டுச் சேராதீர்கள். நன்றாகக் கேட்கிற இரண்டு மூன்று பேர் கிடைத்தால் போதும், அவர்களோடு மட்டும் பாடலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அத்தையைக் கேட்டால் ஐந்தும் கொடுப்பார்.

போன வருடம் அவர் பிறந்தநாளுக்கு ஒரு மாத விஐபி கட்டிக் கொடுத்தேன். அதுவரை யாரோ தொடங்கியதில்தான் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். முதல் முறையாகத் தானே ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து, முன்னால் பாடி, இன்வைட் போட்டார். நான்கு நாளில் பதினோரு பேர் சேர்ந்தார்கள், கிள்ளான் லாரிக்காரரும் அதில் ஒருவர். பதினொன்றையும் முழுசாகக் கேட்டு, டைரியில் பேரும் ஊரும் எழுதி, "இந்த நாகர்கோவில் பொண்ணு ரெண்டாவது சரணத்துல என்ன பண்ணிருக்கா கேளு" என்று எனக்குப் போன் போட்டார்.