தாடை ஆபரேஷனுக்கு எங்கே போவது? காரைக்குடியிலிருந்து ஒரு கணக்கு

தங்கச்சி மகன் குன்றக்குடி ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்தான். கீழ்த்தாடையில் ரெண்டு இடத்தில் முறிவு. வாயை மூடச் சொன்னால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவில்லை. அன்று ராத்திரி ஒரு தனியார் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த தொகை 1,40,000 ரூபாய். மறுநாள் இன்னொரு இடத்தில் 95,000 என்றார்கள். குறைவாயிற்றே என்று தலையாட்டப் போனேன். தங்கச்சிதான் "அண்ணே, இதுல பிளேட்டு சேருமான்னு கேளுங்க" என்றாள். சேரவில்லை. முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் பிளேட், ஸ்குரூ, மயக்க மருந்து டாக்டர் பீஸ் எல்லாம் தனி. கூட்டிப் பார்த்தால் ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதனால் தொகையைப் பார்க்கும் முன்னால், தாடைக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று கேளுங்கள். முறிவுக்கு ரெண்டு வழி உண்டு. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, எலும்பு தானாகக் கூட விடுவது ஒன்று. திறந்து டைட்டானியம் பிளேட் வைத்து முடுக்குவது இன்னொன்று. கம்பிக்குச் செலவு குறைவு, ஆனால் நாலு முதல் ஆறு வாரம் வாய் திறக்க முடியாது. கஞ்சியும் கூழும் சிரிஞ்சில்தான். வாந்தி வந்தால் உடனே நறுக்கிவிடத் தலைமாட்டில் கம்பி வெட்டும் கட்டர் வைத்திருக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் ஒன்றரை மாதம் படுத்தால் போகும் சம்பளத்தையும் கூட்டுங்கள். மலிவான வழி மலிவாக இருக்காது. எல்லா முறிவுக்கும் கம்பி மட்டும் போதாது, எல்லாவற்றுக்கும் பிளேட் தேவையுமில்லை. எங்கள் பையனுக்கு ரெண்டு முறிவு என்பதால் பிளேட் வைத்து, கூடவே ரெண்டு வாரம் கம்பியும் போட்டார்கள்.

பணத்துக்கு என்ன வழி? சாலை விபத்தென்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தனியாரும் அந்தப் பட்டியலில் உண்டு, காப்பீட்டு அட்டை கேட்க மாட்டார்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீக்கம் வடியட்டும் என்று பிளேட் வைப்பதைச் சில நாள் தள்ளுவது வழக்கம். அதற்குள் 48 மணி நேரம் ஓடிவிடும். அதன்பிறகு கைகொடுப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோடு சேர்ந்து நடப்பது இது. அதில் வாய், முகத்தாடை அறுவைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தனியார் பாலிசிக்காரர்கள் கவனிக்க: பல் சிகிச்சை பெரும்பாலான பாலிசிகளில் சேராது, விபத்தில் அடிபட்டு அட்மிட் ஆனால்தான் பேச இடமுண்டு.

இடம் என்று பார்த்தால், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மூன்றும் நமக்கு எட்டும் தூரம். முறிவுக்கும் தாடைக் கட்டிக்கும் என் ஓட்டு அரசு மருத்துவமனைக்கோ, காப்பீட்டை ஏற்கும் தனியாருக்கோதான். அரசில் தியேட்டர் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், துணைக்கு ஒரு ஆள் ராப்பகலாக வேண்டும். அதைத் தாங்க முடிந்தால் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஞானப்பல் வேறு சங்கதி. எலும்புக்குள் படுத்துக் கிடக்கும் பல்லை எடுக்க மரப்பு ஊசி போதும், அன்றே வீடு திரும்பலாம். 2023-இல் திறந்த புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி காரைக்குடியிலிருந்து 40 கிலோமீட்டர்தான். நம் பக்கத்தில் இன்னும் பலருக்கு அது தெரியவில்லை என்பது எனக்கு ஆதங்கம். முதலில் ஓபிஜி, அதாவது ரெண்டு தாடையும் எல்லாப் பல்லும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே, எடுத்துப் பாருங்கள். வேர் நரம்புக் குழாயை ஒட்டியிருந்தால் உதடு மரத்துப்போகும் ஆபத்து உண்டு. அப்போது அனுபவமுள்ள முகத்தாடை அறுவை நிபுணர்தான் எடுக்க வேண்டும். காசு கூடப் போனாலும் பரவாயில்லை.

துருத்திய தாடையைச் சரிசெய்வதற்கு மட்டும் அவசரப்படாதீர்கள். வளர்ச்சி முடிந்த பிறகே செய்வார்கள். அதற்கு முன் ஒரு வருடம், ஒன்றரை வருடம் பல்லுக்குக் கிளிப் போட வேண்டும். அழகுக்கான ஆபரேஷன் என்று காப்பீடு பெரும்பாலும் கைவிரிக்கும். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் செலவு குறைவு, ஆனால் கிளிப் முறுக்க மாதாமாதம் பல்லவன் ரயில் ஏற வேண்டும். மதுரையில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் உண்டு, காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். கிளிப் போடுகிற பிரிவும் அறுவைப் பிரிவும் ஒரே கூரைக்குள் இருப்பதால் எனக்கு இது சரியாகப் படுகிறது. குழந்தைக்கு உதடோ அண்ணமோ பிளவு என்றால் காசே கட்டாதீர்கள். ஸ்மைல் டிரெயின் என்ற தொண்டு நிறுவனத்தோடு இணைந்த மருத்துவமனைகளில் ஆபரேஷன் இலவசம்.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் ஆபத்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். விஏஓவிடம் வாங்கிய வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள். நாங்கள் பையனை வார்டில் போட்டுவிட்டு இதற்காக அலைந்தோம். மதுரையில் இந்தக் காப்பீட்டில்தான் ஆபரேஷன் முடிந்தது. கம்பி எடுத்தாயிற்று. வாய் மூன்று விரல் அளவு திறக்க வேண்டுமாம், இப்போதைக்கு ரெண்டு விரல்தான் போகிறது. தினமும் பயிற்சி செய்கிறான். வியாழக்கிழமை ரிவியூவுக்குப் போகிறோம்.