பலிதமா, சித்தாந்தமா? ஜோதிடத்தில் பட்டம் பெற நினைப்பவர்களுக்கு

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மைத்துனரும் ஒரே ஆண்டில் ஜோதிடம் படிக்கச் சேர்ந்தோம். அவர் சேர்ந்தது பலித ஜோதிடம், அதாவது ஜாதகம் பார்த்துப் பலன் சொல்வது. தமிழ்வழியில், தொலைநிலைக் கல்வியில். நான் சேர்ந்தது ஒரு சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தின் சித்தாந்த ஜோதிடப் பிரிவில். கோள்களின் இருப்பிடத்தைக் கணித்துப் பஞ்சாங்கம் போடும் கணக்கு அது. இருவரும் ஜாதகம் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள் என்றுதான் உறவினர்களிடையே பேச்சு. இரண்டும் ஒரே துறையின் பெயரில் நடந்தாலும் முற்றிலும் வேறு வேறு படிப்புகள். இப்போது தெரிந்தவர்கள் பலரும் எதில் சேரலாம் என்று கேட்கிறார்கள். என் சாய்வு சித்தாந்தத்தின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜோதிடத்தைப் பல்கலைக்கழகத்தில் சொல்லித்தரலாமா என்ற பெரிய வழக்கை இங்கே விரிக்கப் போவதில்லை. 2001இல் முரளி மனோகர் ஜோஷி மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சராக இருந்தபோது, பல்கலைக்கழகங்களில் ஜோதிடத் துறைகள் தொடங்கப் பல்கலைக்கழக மானியக் குழு திட்டம் வகுத்தது. பேராசிரியர் பணியிடம், நூலகம் ஆகியவற்றோடு ‘ஜாதக வங்கி’ ஒன்றும் அந்தத் திட்டத்தில் இருந்தது. உயிரியலாளர் பி.எம். பார்கவா முதலானோர் வழக்குத் தொடுத்தார்கள். ஆந்திர உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2004இல் உச்ச நீதிமன்றமும், இது கல்வி வல்லுநர் குழுவின் முடிவு, நாங்கள் தலையிடுவதற்கில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. 2021இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்திவழியில் ஜோதிட எம்.ஏ. தொடங்கியபோது அதே சண்டை மறுபடியும் மூண்டது. இரண்டு முறையும் சூடு முழுவதும் பலிதத்தின் மேல்தான். அதே பெயரில் ஒரு கணிதப் படிப்பும் நடக்கிறது என்பது பேச்சிலேயே வரவில்லை.

வெளிப்படையான வேறுபாடுகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பலிதத்துக்குத் தமிழ் போதும், வீட்டிலிருந்தே படிக்கலாம், வேலையை விட வேண்டியதில்லை. சித்தாந்தத்துக்குச் சமஸ்கிருதம் வேண்டும், வகுப்புக்கு நேரில் போக வேண்டும், பள்ளியில் மறந்துபோன திரிகோணமிதியை மறுபடி தூசு தட்ட வேண்டும். படித்து முடித்ததும் பலிதம் நாலு காசு பார்க்க வைக்கும். மைத்துனர் இப்போதே பொருத்தம் பார்த்துக் கொடுக்கிறார்; ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் செருப்புகள் நிறைந்திருக்கும். சித்தாந்தம் படித்தவரைத் தேடி யாரும் வருவதில்லை. பஞ்சாங்கம் கணிப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மற்றபடி சமஸ்கிருத ஆசிரியர் வேலை. பிழைப்புக்காகப் படிக்கிறவர் பலிதத்தில் சேர்வதே நல்லது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறொன்று: விடைத்தாளை எதை வைத்துத் திருத்துகிறார்கள் என்பது.

மைத்துனரின் பாடநூல்களைப் புரட்டியிருக்கிறேன், ஒப்படைப்புகளையும் பார்த்திருக்கிறேன். பலித வகுப்பில் நான் உட்கார்ந்ததில்லை. நல்ல ஆசிரியர் வாய்த்தால் நூலைத் தாண்டியும் சொல்லித்தருவார் என்று அவர் சொல்கிறார், அதை நம்புகிறேன். ஆனால் தாளில் இருப்பது இதுதான். செவ்வாய் தோஷம் பற்றி ஒரு வினா. நம் ஊர் வழக்கில் லக்கினத்துக்கு 2, 4, 7, 8, 12ஆம் இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம். வடக்கே பெரும்பாலும் 2ஐ விட்டுவிட்டு 1ஐச் சேர்த்துக்கொள்கிறார்கள். லக்கினத்திலேயே செவ்வாய் நிற்கும் பெண்ணுக்குக் காசியில் தோஷம், காஞ்சிபுரத்தில் இல்லை. தேர்வில் எதை எழுதுவது? பாடநூலில் உள்ளதை. மைத்துனர் அப்படியே எழுதினார், முழு மதிப்பெண். இரண்டு வழக்கில் எது பலித்தது, எத்தனை திருமணங்களை வைத்துச் சரிபார்த்தார்கள் என்று கேட்கும் வினா எந்தத் தாளிலும் இல்லை. ஜாதக வங்கிக்கு இடம் ஒதுக்கிய திட்டத்தின் வழியில் வந்த படிப்பில் இது வினோதம்தான்.

சரிபார்க்கவே முடியாத விஷயம் என்றும் சொல்வதற்கில்லை. வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் அவருடன் நரேந்திர தபோல்கர் உள்ளிட்ட சிலரும் மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், அறிவு வளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள் ஆகியோரின் பிறப்பு விவரங்களைச் சேகரித்து, கலந்து, ஜோதிடர் ஒவ்வொருவருக்கும் 40 ஜாதகங்கள் கொடுத்தார்கள். எது எந்த வகை என்று சொன்னால் போதும். 27 பேர் விடை அனுப்பினார்கள். சராசரி 46 சதவீதம். மிகச் சிறப்பாகச் சொன்னவருக்கு 40க்கு 24. நாணயத்தைச் சுண்டியிருந்தால் 20 கிடைத்திருக்கும். 2009இல் இது கட்டுரையாக வெளிவந்தது. பலிதத்தைப் பட்டப்படிப்பாக நடத்துகிறவர்கள் இந்தக் கட்டுரையை முதல் பருவத்திலேயே பாடமாக வைத்து, எங்கே குறை இருக்கிறது என்று மாணவர்களை மறுக்கச் சொல்ல வேண்டும். மைத்துனரிடம் சொன்னேன். “அத்தான், கல்யாணம் பேச வருகிறவர்களிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா?” என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

சித்தாந்தத்தில் சண்டை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பலிதத்தைவிடப் பெரிய சண்டை அங்கே உண்டு. ஆனால் தீர்ப்புச் சொல்ல ஆகாயம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்கு தெரிந்த சண்டை, வாக்கியமா திருக்கணிதமா என்பது. பழைய எண்களை வைத்துப் போடும் பஞ்சாங்கம் வாக்கியம்; கண்ணால் பார்ப்பதோடு பொருந்தும்படி திருத்திய கணக்கில் போடுவது திருக்கணிதம். 2023இல் திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது ஜனவரி 17. வாக்கியப்படி டிசம்பர் 20. திருநள்ளாற்றில் விழா நடந்ததும் அன்றுதான். அடுத்த பெயர்ச்சியும் அப்படியே: திருக்கணிதம் மீனத்துக்குக் குறித்த நாள் 2025 மார்ச் 29, வாக்கியம் குறித்தது 2026 மார்ச் 6. இடையில் இருந்த பதினோரு மாதங்கள் மேஷ ராசிக்காரருக்கு ஏழரைச் சனி தொடங்கிவிட்டதா இல்லையா என்பது அவர் வீட்டில் தொங்கிய நாட்காட்டியைப் பொறுத்தது. பலித வகுப்பில் இரண்டு விடைக்கும் மதிப்பெண் போடலாம். சித்தாந்த வகுப்பில் முடியாது. 2023 டிசம்பர் 20 அன்று இரு கணக்குகளுக்கும் இடையே சனியின் இருப்பிடத்தில் சுமார் எட்டுப் பாகை வித்தியாசம். முழுநிலவுகள் பதினாறை வரிசையாக அடுக்கினால் வரும் அகலம் அது. எது உண்மை என்பதை மொட்டை மாடியில் நின்று பின்னணி நட்சத்திரங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். அயனாம்சத்தில், அதாவது ராசிச் சக்கரத்தின் தொடக்கப் புள்ளியை எங்கே வைப்பது என்பதில், கருத்து வேறுபாடு உண்டு, சரி. அதனால் எட்டுப் பாகை வராது.

இந்த இடத்தில் வாக்கியத்தைக் கிண்டல் செய்துவிட்டுப் போவது எளிது. படித்த பிறகு எனக்கு அந்த மனம் வரவில்லை. நிலவு பூமியை நெருங்கி, விலகி, மறுபடி நெருங்க ஏறத்தாழ 27.55 நாட்கள் ஆகும். ஒன்பது சுற்று முடிந்தால் 248 நாட்கள். அநேகமாக மீதமே இல்லாத கணக்கு. அந்த 248 நாட்களுக்கும் நாளுக்கொரு சொற்றொடர். எழுத்துகளை எண்ணாக மாற்றினால் அன்றைய நிலவின் இருப்பிடம் கிடைக்கும். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே இதனால் வந்ததுதான். ஜான் வாரன் என்ற ஐரோப்பியர் இதை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். புதுச்சேரியில் தமிழர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த சொற்களைக் கொண்டே 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். பென்சிலும் பலகையும் இல்லாத கணக்கு அது. எத்தனை நிமிடப் பிழை என்று நம்மால் இன்று சொல்ல முடிகிறதே, அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஒரு ஜாதகப் பலனில் பிழை எத்தனை நிமிடம்?

பிழை தெரிந்தால் திருத்தவும் ஆள் வருவார். சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி அப்படி வந்தவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்ததைப் பற்றி இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டவர். பழைய எண்களை விட்டுவிட்டு, கண்ணால் பார்ப்பதோடு பொருந்தும் கணக்கில் பஞ்சாங்கம் போட வேண்டும் என்று வாதாடி, அப்படியே போட்டும் காட்டினார். சித்தாந்த வகுப்பில் இவர் என் முன்னோர் ஆகிவிட்டார்.

எங்கள் செய்முறைத் தாள் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சிறு மாதிரி. முதலில் கலியுகத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை எத்தனை நாட்கள் என்ற அகர்கணம். அதிலிருந்து சூரியனும் சந்திரனும் சீராக நகர்ந்தால் எங்கே இருப்பார்கள் என்ற மத்தியமம். பிறகு 225 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) இடைவெளியில் அமைந்த 24 ஜ்யா (சைன்) மதிப்புகளைக் கொண்டு திருத்தம், கிடைப்பது ஸ்புடம், அதாவது உண்மையான இருப்பிடம். சந்திரன் 100 பாகை, சூரியன் 40 பாகை என்று வந்தால் வித்தியாசம் 60. ஒரு திதிக்குப் பன்னிரண்டு பாகை; பன்னிரண்டால் வகுத்தால் 5. பஞ்சமி முடிந்து சஷ்டி தொடங்கும் நொடி. முதல் படியில் ஒரு நாள் தவறினால் கடைசியில் திதியே மாறிவிடும், மறைக்க இடமில்லை. சூரிய சித்தாந்தத்தின் ஆண்டு உண்மையைவிடச் சுமார் மூன்றரை நிமிடம் நீளம் என்பதையும் வகுப்பிலேயே கணக்கிட்டோம். ஆயிரம் ஆண்டில் அது இரண்டு நாளுக்கு மேல் வந்து நிற்கிறது.

இதிலும் குறைகள் உண்டு. சில இடங்களில் சுலோகத்தை ஒப்பித்தாலே தேர்ச்சி. ஆகாயத்தை நிமிர்ந்து பார்க்காமலே பட்டம் வாங்கிவிடலாம். இது இன்றைய வானியலும் ஆகாது. விண்மீன் ஏன் எரிகிறது என்று தெரிய வேண்டுமென்றால் இயற்பியலுக்குத்தான் போக வேண்டும்; பதினெட்டு வயதுப் பிள்ளை என்னிடம் கேட்டால் அங்கேதான் அனுப்புவேன். இரண்டு பிரிவுகளும் ஒரே துறையின் கூரைக்குக் கீழே இருப்பதால் எங்கள் கணக்கின் மரியாதையைப் பலிதம் கடன் வாங்கிக்கொள்கிறது என்பதும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. நம் பக்கம் அது பட்டப்படிப்பாகக் கண்ணில் படவில்லை. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டின் டிரினிட்டி செயின்ட் டேவிட் பல்கலைக்கழகம் பண்பாட்டு வானியலும் ஜோதிடமும் என்று ஓர் எம்.ஏ. நடத்தி வந்திருக்கிறது. மக்கள் ஆகாயத்தை எப்படி வாசித்தார்கள் என்ற வரலாறுதான் அதில் பாடம். அத்தகைய படிப்புக்குத் தமிழில் சரக்குக்குப் பஞ்சமில்லை. புறநானூறு 229இல் கூடலூர் கிழார், பங்குனி மாதத்து நள்ளிரவில் எரிமீன் விழக் கண்டு சேர மன்னனுக்காக அஞ்சுகிறார். ஏழாம் நாள் மன்னன் இறக்கிறான். எரிமீன் விழுந்த அந்த இரவில் வானத்தில் எது எங்கே இருந்தது என்று பாட்டு வரிசையாகச் சொல்கிறது. வரலாறு, இலக்கியம், வானியல் மூன்றுக்கும் அதில் வேலை இருக்கிறது. தமிழ்வழியில் யாராவது இதைத் தொடங்கினால் மைத்துனரையும் இழுத்துக்கொண்டு சேர்ந்துவிடுவேன்.

அதுவரை, சமஸ்கிருதம் தெரியாமல் சித்தாந்தத்தில் சேர நினைப்பவர்கள் முதலில் ஒரு சான்றிதழ் வகுப்பில் மொழியைக் கற்றுக்கொண்டு வருவது நல்லது; எண்களெல்லாம் சொற்களில் மறைந்திருக்கும், அகராதியை வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது. சேருமுன் துறை அலுவலகத்தில் பழைய செய்முறைத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கிரகணத்தையோ திதியையோ முழுக்கக் கையால் கணித்து, மத்திய அரசு வெளியிடும் தேசியப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பிழையைச் சொல்லும்படி ஒரு வினாவாவது அதில் இருந்தால் தயங்காமல் பணம் கட்டலாம்.