பழைய மட்டை மல்ச்சர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள், என் 95,000 போச்சு

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. 95,000 ரூபாய், மூன்று வெட்டுத் தேங்காய்க் காசு.

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மட்டை ஒதுக்க ஆள் கிடைப்பதில்லை. டிராக்டருக்குப் பின்னால் மல்ச்சர் மாட்டி ஓட்டினால் மட்டை, பாளை எல்லாம் பொடிந்து மரத்தடியிலேயே மக்கிவிடும். வாடகை கொடுத்துச் சலித்துப்போய், பழைய பொருள் விற்கும் ஒரு ஆப்பில் தேடினேன்.

விற்றவன் தன் வீட்டு வாசலிலேயே மாட்டி ஓட்டிக் காட்டினான். புது பெயிண்ட் பளபளத்தது. எனக்குக் கொடுத்த டீ டம்ளரை வாங்கி ஓடுகிற மிஷின் மூடி மேலேயே வைத்து, "பாருங்ணா, ஒரு சொட்டு சிந்துதா?" என்றான். சிந்தவில்லை. அந்த டம்ளரில்தான் நான் விழுந்தேன். இன்ஜினை நிமிஷத்துக்கு 900 சுற்றுக்கு மேல் அவன் ஏற்றவே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் தோப்பில் பிடிஓ, அதாவது மல்ச்சரைச் சுழற்றும் டிராக்டரின் பின்பக்கத் தண்டு, நிமிஷத்துக்கு 540 சுற்று வருகிற வேகத்துக்கு ஏற்றினேன். சீட்டே உதறியது. பெல்ட் புதுசு போல, செட் ஆகிவிடும் என்று ஓட்டினேன், என் முட்டாள்தனம். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, படாரென்று, மட்டையை அடித்துப் பொடிக்கும் சுத்தியல்களில் ஒன்று போல்ட் அறுந்து பின்பக்கம் பறந்து தென்னை மரத்தில் பதிந்து நின்றது. பின்னால் தொங்க வேண்டிய ரப்பர் திரை பாதிக்கு மேல் இல்லை. சற்று முன்புதான் என் மனைவி அந்த வரப்பில் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள்.

லேத்தில் பிரித்தார்கள். பெயிண்டுக்கு அடியில், சுத்தியல்கள் மாட்டிச் சுழலும் ரோட்டரின் முனை முழுக்க வெல்டிங். சுத்தியல்களைக் கடைத் தராசில் வைத்தால் ஒன்று 1,200 கிராம், அதற்கு எதிரில் இருந்தது 850. "வேகம் ரெண்டு மடங்கானா உதறல் நாலு மடங்குங்க, டீ டம்ளர்ல அது தெரியாது" என்றார் லேத்காரர்.

போன் செய்தேன். முதல் நாள் "கிரீஸ் அடிச்சீங்களாண்ணா?" இரண்டாம் நாள் "உங்க டிராக்டர் பிடிஓ 1000-ல ஓடியிருக்கும்." மூன்றாம் நாள் வேறு யாரோ எடுத்து, "அண்ணன் கல்யாணத்துக்குப் போயிருக்காருங்க." அப்புறம் என் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டான். ஆப்பில் புகார் கொடுத்தால், நேரில் பார்த்து வாங்கியதற்குப் பொறுப்பில்லை என்று ஒரு பதில், கீழே இந்தப் பதிலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள் என்று வேறு! 95,000 ரூபாய்க்கு நட்சத்திரம்.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். 540 வேகத்தில் ஓட்டச் சொல்லிப் பாருங்கள், ஆனால் பின்னாலோ பக்கத்திலோ நிற்காதீர்கள். இன்ஜினை அணைத்து ரோட்டர் முழுசாக நின்ற பிறகு, அதைப் பிடித்து ஆட்டி பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தியல் மாற்றினால் எதிரெதிர் ஜோடியாக, ஒரே எடையில் மாற்றுங்கள். பிடிஓ ஷாஃப்ட்டுக்குப் பிளாஸ்டிக் உறை இல்லாவிட்டால் மாட்டவே மாட்டாதீர்கள், வேட்டி முனை சிக்கினால் ஆளே போய்விடுவார். மட்டை அடைத்துக்கொண்டால் இன்ஜினை அணைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ரோட்டர் முழுசாக நின்ற பிறகு இறங்குங்கள்.

லேத்காரர் கூப்பிடுகிறார். ரோட்டருக்கு இன்னும் 40,000 ஆகுமாம்.