ஆறு வருஷமாகப் பையில் ஒரு மடக்குக்கத்தி

மடக்குக்கத்தி திறக்கும்போது கையை வெட்டுவது குறைவு, மடங்கும்போதுதான் பெரும்பாலும் வெட்டுகிறது. என் ஆள்காட்டி விரலில் குறுக்காக ஓடும் வெள்ளைத் தழும்பு அப்படி வந்ததுதான். அது பூட்டில்லாத பழைய பேனாக்கத்தி. ஸ்பிரிங் இழுவையில் மட்டும் நிற்கும். அட்டைப்பெட்டியில் முனையைக் குத்தித் துளை போடப் போனேன். அலகு மடங்கி விரல்மேல் விழுந்தது.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் வளையப் பூட்டுக் கத்தி. பிடியின் கழுத்தில் ஓர் உலோக வளையம் இருக்கும். திருகினால் அலகு மடங்கும் வழியை அது அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஒப்பினெல் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கத்திகளில் 1955இல் வந்த ஏற்பாடு இது. 2000 முதல் மூடிய நிலையிலும் பூட்டிவைக்க முடிகிறது. எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிசு. பைக்குள் சாவி, சார்ஜர் என்று எதனோடு உருண்டாலும் தானாகத் திறந்துகொள்ளாது.

குறை இல்லாமல் இல்லை. மரப்பிடி நனைந்தால் உப்பி, அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் நெம்பினால் திடீரென்று விடுபட்டுப் பாயும். காயும்வரை பொறுத்திருந்து, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவதே சரி. இன்னொன்று, பைத்தூசியும் நூலும் வளையத்துக்கடியில் சேர்ந்துவிடும். வளையம் பாதிதான் திரும்பியிருக்கும். நாமோ பூட்டியாயிற்று என்று நம்பிக்கொண்டிருப்போம். அதனால் வேலை தொடங்குமுன், விரல்களைத் தள்ளி வைத்துக்கொண்டு அலகின் முதுகை மெல்ல அழுத்திப் பார்ப்பேன். மாதம் ஒருமுறை பல்குச்சியால் தூசியை எடுத்துவிடுவேன்.

மலையேற்றத்துக்கு மடங்காத கத்தி ஒன்றும் உண்டு, தோலுறையோடு. உறையிலேயே போட்டு மாசக்கணக்கில் மறந்ததில் அலகில் துரு புள்ளி புள்ளியாக வந்துவிட்டது. ஈரத்தைத் தோல் விடவே விடாது. செருகும்போது அலகின் முதுகு உறையோடு உரசிப் போகவேண்டும். கூர்ப்பக்கம் சாய்ந்தால் தையலை அறுத்துவிடும், அந்தப் பக்கம் உறையைப் பிடித்திருக்கும் விரலையும் சேர்த்து.

யாராவது கேட்டால் மூடித்தான் கொடுப்பேன். கைதவறி விழுந்தால் பிடிக்கப் போகாமல் காலை இழுத்துக்கொள்வேன்.

இப்போது கையிலிருப்பது அதே மாதிரியில் இரண்டாவது. விமானத்தில் கத்தியை செக்-இன் பெட்டியில்தான் போடவேண்டும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். முதல் கத்தி கைப்பையின் பக்க ஜிப்பில் இருந்தது ஸ்கேனருக்குத்தான் முதலில் தெரிந்தது.